மூன்றரை மைல் சாலைக்கு எண்பது மைல் கார்

கார் உள்ளவர், கார் இல்லாதவர் என்று மனிதர்களை இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருக்கிறீர்களா? கணக்குத் தப்பு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கார் பார்ப்பவர் என்று பெயர். இவரிடம் கார் கிடையாது. ஆகவே முதல் வகையில் சேரமாட்டார். "கார் இல்லாதவர்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டீர்களோ, உங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். "இல்லாம என்ன வே? பாத்துக்கிட்டு இருக்கோம்லா!" பெண் பார்க்கப் போகிறவன்கூட ஏழெட்டு வீட்டில் பலகாரம் தின்ற பிறகு, வெட்கப்பட்டாவது ஒரு வீட்டில் வெற்றிலை பாக்கு மாற்றிவிடுகிறான். கார் பார்ப்பவர் மாற்றமாட்டார். பார்த்துக்கொண்டே இருப்பார்.

இந்த இனம் ஊருக்கு ஒன்றிரண்டு எங்கும் காணப்படும் என்றாலும், செழித்துக் கொழுத்து வளர்வது குற்றாலத்தில்தான். ஆனி பிறந்து, மலைமேல் மேகம் இறங்கி, சாரல் முகத்தில் தெளித்ததோ இல்லையோ, மதுரையும் கோயம்புத்தூரும் சென்னையும் தங்களிடம் உள்ள கார்களையெல்லாம் பளபளவென்று துடைத்து எடுத்துக்கொண்டு அருவியில் குளிக்க வந்துவிடும். கறுப்பும் வெள்ளையும் நீலமுமாக, வரிசை வரிசையாக, மேலே குரங்குகள் உட்கார்ந்து பேன் பார்க்க, அத்தனை கார்கள்! ஊரே அருவியைப் பார்த்து நிற்கும்போது, அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் நின்றால் அவர்தான் நம் ஆள்.

அப்படி நின்றவர்களில் ஈடு இணையற்றவர் வல்லிநாயகம் அண்ணாச்சி. அறுபதுகளின் தொடக்கம் அது. அண்ணாச்சிக்குக் குற்றாலத்தில் பெரிய வீடு, மேலகரம் பக்கம் நல்ல வயல், தலைமுறை தலைமுறையாகக் கோயிலில் முதல் மரியாதை. வீட்டிலிருந்து தென்காசி மூன்றரை மைல். கடை கண்ணி, கோர்ட்டு, ஆஸ்பத்திரி, பெண்கள் உயர்நிலைப் பள்ளி எல்லாம் அங்கேதான். அவருடைய மகள் நாச்சியார் உள்ளூரில் எட்டாம் வகுப்பு தேறிவிட்டாள். ஒன்பதாம் வகுப்புக்குத் தென்காசி போகவேண்டும். வீட்டு வாசலில் கையைக் காட்டினால் பஸ் நிற்கும். ஆனால், அண்ணாச்சி வீட்டுப் பெண் பஸ்ஸில் போவதாவது!

"பஸ்ல எவன் வேணும்னாலும் ஏறுதான், எவ பக்கத்துல வேணும்னாலும் எவளும் உக்காருதா. நம்ம புள்ளைய அதுலயா அனுப்ப? காரு வரட்டும். ராணி மாதிரி காருல போவா."

எவரும் ஏறலாம், எவர் பக்கத்திலும் எவரும் உட்காரலாம் என்பதுதானே பஸ் என்ற கண்டுபிடிப்பின் பெருமையே! எத்தனையோ பேர் மேடை மேடையாக ஏறித் தொண்டை வறளப் பேசியும் நடக்காத காரியத்தை, ஒரு கண்டக்டர் விசிலை ஊதி, "உள்ள தள்ளிப் போ, உள்ள தள்ளிப் போ" என்று இரண்டு வார்த்தையில் நடத்திவிட்டான். அந்தப் பெருமைதான் அண்ணாச்சியின் கண்ணில் மிளகாயாக எரிந்தது. ஆக, கார் வந்தால் நாச்சியாருக்குப் பள்ளிக்கூடம். வராவிட்டால் அடுப்படி. கார் எப்போது வரும்? எந்தக் கார் என்று முடிவானதும் வரும்.

எப்போது முடிவாகும்? கேட்டீர்களே ஒரு கேள்வி!

அண்ணாச்சிக்கு வேண்டியது சாதாரணக் கார் அல்ல. "பாயவும் செய்யணும், பண்டம் பாத்திரமும் கொள்ளணும்" என்பது அவருடைய கொள்கை. அதாவது, செங்கோட்டை பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு முன்னால் போனால் அதை ஒரே தாவலில் முந்த வேண்டும். ஆரியங்காவு மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு சிறுத்தைபோல் சீற வேண்டும். வாலிபர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும். அதே கார், பெண்டாட்டி, மகள், கொழுந்தியாமார் இருவர், அவர்களுடைய பிள்ளைகள், ஒரு மூட்டை அரிசி, ஒரு கூடை மாம்பழம், வருஷத்துக்கு ஒருமுறை பாபநாசம் போய்ப் பொங்கிச் சாப்பிடுவதற்கு இருபது பேருக்குச் சோறு வேகும் பித்தளை அண்டா ஒன்று, இவ்வளவையும் முகம் சுளிக்காமல் ஏற்றிக்கொண்டு, தினமும் மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, பெட்ரோலையும் மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, எண்பது மைல் வேகம் போக வேண்டும். எங்கே போக? மூன்றரை மைல் சாலையில். அதிலும் பாதி தூரம் மாட்டு வண்டி, மீதி தூரம் ஆடு. எண்பது மைல் வேகத்தில் குற்றாலத்தில் புறப்பட்டால், தென்காசி மொட்டைக் கோபுரம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று பார்ப்பதற்குள் ஆலங்குளம் வந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளை அங்கிருந்து பஸ் பிடித்துத்தான் திரும்பி வரவேண்டும்.

சீசன் தொடங்கியதும் அண்ணாச்சியின் தினசரி வழிபாடும் தொடங்கும். தண்ணீர்ச் செம்பைக்கூடத் தம் கையால் எடுத்துக் குடித்தறியாத மனிதர், அந்தப் பித்தளை அண்டாவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அருவிக்கரைக்கு நடப்பார். எதற்கு? ஊரான் கார்களின் டிக்கியில் அது கொள்கிறதா என்று வைத்துப் பார்க்க! முதலாளிகள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் போனதும், டிரைவர்களுக்குக் காப்பியும் மங்குஸ்தான் பழமும் வாங்கிக் கொடுத்து, டிக்கியைத் திறந்து, அண்டாவை நிமிர்த்தி, சாய்த்து, கவிழ்த்து, மூடியைத் தனியே எடுத்து, மறுபடியும் சாய்த்து... பிறகு முன் சீட்டில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். வாயால் "டுர்ர்ர்" என்று இரண்டாவது கியர் போடுவார். ஒரு வளைவு. மூன்றாவது கியர். செங்கோட்டை பஸ் தெரிகிறது. ஹாரன். முந்தியாயிற்று! கண்ணைத் திறந்தால், இடுப்பில் துண்டும் உடம்பெல்லாம் எண்ணெயுமாக மதுரைக்காரர் ஒருவர் ஜன்னலண்டை நிற்பார்.

"யாருங்க நீங்க? என் காருக்குள்ள என்ன பண்றீங்க?"

"வண்டி உங்களுதா? உக்காருங்க, உக்காருங்க. மேட்டுல எப்படி இழுக்குது?"

"அது என்னங்க டிக்கியில பெரிய பானை?"

"அண்டா. நாலு விரக்கடை இடிக்குது. இந்தக் கம்பெனிக்காரன் ஒரு பொம்பளையக் கேட்டுட்டு டிக்கி செஞ்சிருக்கப்படாதா?"

ஒவ்வொரு காருக்கும் அண்ணாச்சியிடம் ஒரு தீர்ப்பு உண்டு. அம்பாசிடரா? "அது காரு இல்ல வே, வீடு. வீடு பாயுமா?" பியட்டா? "பாயும். அண்டாவ மடியில வச்சுக்கிட்டா உக்கார முடியும்?" மோரிஸ் மைனரா? "மூஞ்சியப் பாத்தியா, தவளை உக்காந்திருக்க மாதிரி." பிறகு ஹெரால்டு வந்தது. அதைப் பார்த்த நாளில் அண்ணாச்சி இரவுச் சாப்பாட்டில் ரசத்துக்குமேல் மோரை ஊற்றி அதன்மேல் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார். என்ன ஒயில்! பின்பக்கம் வால் வைத்தது போன்ற அந்த இரண்டு கூர்! ஆனால்... எப்போதும் ஓர் ஆனால் இருக்குமே. "கதவு ரெண்டுதானே இருக்கு?"

இதற்கிடையில் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல விட்டுப்போயிற்று. அண்ணாச்சிக்குக் கார் ஓட்டத் தெரியாது.

சாரல் நின்றதும் கார்கள் ஊர் திரும்பும். "சீசன் முடிஞ்சிட்டு. இனி எதைப் பாக்க? வார ஆனிக்குப் பாப்போம்" என்று அண்ணாச்சி அண்டாவை வீட்டில் இறக்குவார். "நல்லவேளை, இப்பமாவது தந்தியளே! வாரவுக போறவுகளுக்குப் பருப்பு அவிக்கப் பாத்திரம் இல்லாம பக்கத்து வீட்டுல வாங்கி அவிச்சிட்டு இருக்கேன்" என்று அவர் மனைவி கல்யாணசுந்தரி அதை இழுத்துக்கொண்டு போவாள். இப்படி முதல் வருஷம் போயிற்று. இரண்டாவது வருஷம் சோசியர் ஒருவர் வந்து சேர்ந்தார். அண்ணாச்சியின் ராசிக்குச் சிவப்பு ஆகாது, எட்டில் முடியும் நம்பர் ஆகாது, தெற்கே பார்த்து வாங்கக் கூடாது என்றார். கார் எந்த மாட்டுக் கொட்டிலிலும் பிறப்பதில்லை, அதற்குச் சாதகம் கிடையாது, போல்ட்டும் நட்டும் சேர்த்து முடுக்கிய இரும்பு அது என்று சொல்ல அந்த வீட்டில் ஆள் இல்லை. அந்த வருஷமும் போயிற்று.

நாச்சியார் தன் எட்டாம் வகுப்புப் பாடப் புத்தகங்களை அட்டை கிழியும்வரை திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். அவளோடு படித்த ஹாஜரா பீவி, அடுத்த தெரு துல்கர்னைனின் மகள், தினமும் அந்த வாசலில்தான் பஸ் ஏறினாள். துல்கர்னைனுக்கு வேலையே கார் வாங்கி விற்பது.

"அப்பா, ஹாஜரா பத்தாவது வந்துட்டா. கணக்குல எக்ஸு, ஒய்யின்னு என்னமோ சொல்லுதா. எனக்கு ஒண்ணும் வெளங்கல. என்னய எப்பம்பா சேப்பிய?"

"இன்னும் ரெண்டே ரெண்டு வண்டிதாம்மா பாக்க வேண்டியிருக்கு."

"அவ பஸ்லதான போறா? அவுக வாப்பாட்ட எப்பவும் ரெண்டு காரு நிக்குது. அப்பவும் பஸ்லதான் அனுப்புதாக."

"அதான் சொல்லுதேன். அவனுக்கு விக்கத் தெரியும். தேர்ந்தெடுக்கத் தெரியாது."

மகள் பழைய புத்தகத்தை மறுபடியும் விரித்தாள். அம்மா அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது சீசன். பள்ளிக்கூடம் திறந்து முதல் திங்கட்கிழமை. காலை எட்டு மணி வாக்கில் துல்கர்னைன் ஒரு வெள்ளை ஹெரால்டை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். பழைய வண்டிதான்; ஆனால் மணமேடைக்கு வந்த மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, இதுல குறை சொன்னியன்னா நான் தொழில விட்டுட்டு மாங்காய் யாவாரத்துக்குப் போயிருதேன்."

அண்ணாச்சி சுற்றி வந்தார். சக்கரத்தைக் காலால் ஓர் உதை விட்டார். அந்த உதையால் என்ன தெரியவரும் என்று இதுவரை எவருக்கும் தெரியாது. ஆனாலும் உதைக்காமல் கார் பார்த்தவன் உலகத்தில் கிடையாது. ஹாரனை அமுக்கினார், இனித்தது. நிறம் வெள்ளை, சோசியருக்கு வேலை இல்லை. நம்பர் ஏழில் முடிந்தது. "எண்பது போகுமா?" என்றார். "நீங்க சொன்னா போவும்" என்றார் துல்கர்னைன். கடைசியாக, அண்டா. டிக்கியைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வைத்தார். அது ஒரு பக்கம் சாய்ந்து, லேசாக முனகி, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. டிக்கி மூடிற்று.

அண்ணாச்சிக்கு வியர்த்துவிட்டது. மூன்று சீசனில் இப்படி ஓர் ஆபத்து அவருக்கு வந்ததில்லை. குறை எங்கே? ஒரே ஒரு குறை இல்லாமல் எப்படி ஒரு காரை வாங்கித் தொலைப்பது? வாங்கிவிட்டால் நாளை காலையில் எழுந்து என்ன செய்வது? தேடினார், துழாவினார், பழைய குறையையே பிடித்துவிட்டார்.

"ஏன் வே, கதவு ரெண்டுதான?"

"ரெண்டுதான்."

"நாளைக்கு டிரைவர் ஒருத்தன வைப்போம். நம்ம வீட்டுப் பொம்பளைக பின்னால ஏறணும்னா, அவன் பக்கத்துச் சீட்ட மடக்கிக்கிட்டுல்லா ஏறணும்? அவன் என்ன ஆளோ, என்ன சாதியோ. உரசுமே!"

துல்கர்னைன் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னும் டிரைவரே வைக்கலியே அண்ணாச்சி! வைக்காத டிரைவருக்கு நான் என்னன்னு சாதி சொல்லுவேன்?"

"அதெல்லாம் யோசிக்கணும். அதோட, இப்பம் ராகுகாலம் வேற. ஒம்பது மணிக்கு மேலதான் வண்டில காலு வைப்பேன்" என்று அண்ணாச்சி உள்ளே போய்விட்டார்.

வானத்தில் எந்தத் தொலைநோக்கிக்கும் இதுவரை அகப்படாத கிரகம் இராகு. அங்கே குடியிருக்க இடமில்லாததால்தான் போலிருக்கிறது, நம் வீடுகளில் தினமும் ஒன்றரை மணி நேரம் வந்து அதிகாரம் செய்துவிட்டுப் போகிறான். திங்கட்கிழமைகளில் அவன் வருவது, பிள்ளைகள் தலைசீவிப் பள்ளிக்கூடம் புறப்படுகிற நேரம் பார்த்து. அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். வாய் "டுர்ர்ர்" என்றது. ஆரியங்காவு ஏற்றம் வந்தது. அன்றைக்கு அவர் ஐந்து பஸ்களை முந்தினார்.

ஒன்பது அடித்தது. நெற்றி நிறைய விபூதியும் கையில் எலுமிச்சம்பழமுமாக வாசலுக்கு வந்தார். கார் நின்ற இடத்தில் ஓர் ஆடு நின்றது. உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். பெண்டாட்டியும் இல்லை, மகளும் இல்லை. ஓகோ, வெள்ளோட்டம் போயிருக்கிறார்கள்! தெருவில் போனவர்களுக்கெல்லாம், "வண்டி டிரையல் போயிருக்கு. நம்ம வீட்டுல எல்லாருமாச் சேந்துதான் தேர்ந்தெடுப்போம்" என்றார். ஒரு பஸ் போயிற்று. எலுமிச்சம்பழம் கையில் சூடாயிற்று. இன்னொரு பஸ் போயிற்று. மூன்றாவதாக வந்த பஸ் வாசலில் நின்றது. அதிலிருந்து கல்யாணசுந்தரி இறங்கினாள்.

அவள் இறங்கி நின்று கையை நீட்ட, ஜன்னல் வழியாக அண்டாவின் மூடி வந்தது. பின்பக்கப் படி வழியாக அண்டா வந்தது. அதைத் தூக்கிக் கொடுத்தவள் மூக்கம்மாள். ஊர் ஓரத்துச் சேரிக்காரி. அண்ணாச்சியின் வயலில் நடுகிறவளும் அறுக்கிறவளும் அவள்தான்.

"இந்தாங்க ஆச்சி, பத்திரம். மடியில வச்சு வச்சுத் தொடை மரத்துப்போச்சு. மொதலாளி, இதத்தான் மூணு வருசமா அருவிக்கும் வீட்டுக்கும் சுமந்தியளாக்கும்? எங்கிட்டச் சொல்லியிருந்தா அண்ணைக்கே பஸ்ல வச்சுப் பாத்துச் சொல்லியிருப்பேனே, நல்லாக் கொள்ளுது!"

பஸ் முழுவதும் சிரித்தது. விசில் ஊதியது. போய்விட்டது.

"பஸ்ல... நீயா வந்த?" அண்ணாச்சி எலுமிச்சம்பழத்தோடு படியிறங்கினார். "காரு எங்க? நாச்சி எங்க?"

"நாச்சி ஒம்பதாம் வகுப்புல உக்காந்திருக்கா. நானே கையெழுத்துப் போட்டுச் சேத்துட்டேன். 'ரெண்டு வருசம் என்ன செஞ்சா?'ன்னு பெரிய டீச்சரம்மா கேட்டாக. 'காரு பாத்தோம்'னேன். ஒரு மாதிரியாப் பாத்தாக."

"காரு?"

"அது போயிட்டு. பள்ளிக்கூட வாசல்ல நிறுத்தியிருந்தோம். ஆஸ்பத்திரி டாக்டரம்மா நடந்து போனவ நின்னு பாத்தா. ஓடுமான்னு கேட்டா, ஓடும்னார் துல்கர்னைன் அண்ணன். என்ன வெலைன்னா. சரின்னா. அவளே உக்காந்து ஓட்டிட்டுப் போயிட்டா. அண்டாவ எடுக்குறதுக்குள்ள எனக்கு உயிரு போயி உயிரு வந்துட்டு."

"அண்டா!" அண்ணாச்சிக்கு இப்போதுதான் விஷயம் உறைத்தது. "மூக்கம்மா தொட்டுட்டாளே அதை! மடியில வச்சிருந்தாளாம்! இனி அது ஆகுமா?"

"ஏன் ஆகாது? அவ நட்டு, அவ அறுத்து, அவ அவிச்சுக் குத்துன அரிசிதான் இத்தன வருசமா இதுல வேவுது. அரிசியில ஒட்டாதது பித்தளையில மட்டும் ஒட்டிருமோ? தள்ளுங்க, உலை வைக்கணும்."

அண்ணாச்சி அவள் பின்னாலேயே அடுப்படி வரை போனார். "அப்பம் நாளைக்கும் பஸ்லயா போவா?"

கல்யாணசுந்தரி திரும்பி நின்றாள். அவள் முகத்தில் அத்தனை பணிவு. "காரு வார வரைக்கும்தான். காரு வந்துட்டுன்னா காருல போகப் போறா. நீங்க முடிவு பண்ணுத வரைக்கும் பஸ்ல போயிட்டு இருக்கட்டுமே. உங்களுக்கும் அவசரம் இருக்காதுல்லா?"

இதிலே எங்கோ ஓர் இடத்தில் தம்மை யாரோ வசமாக மடக்கியிருப்பதாக அண்ணாச்சிக்குத் தோன்றிற்று. எந்த இடம் என்றுதான் பிடிபடவில்லை. ஆனால் கார் கை நழுவிப் போன செய்தி நெஞ்சுக்குள் மெல்ல இறங்கியதும், ஆகா, என்ன நிம்மதி! தலைக்கு வந்தது போய்விட்டது. இனியும் பார்க்கலாம். எத்தனை சீசன் வேண்டுமானாலும் பார்க்கலாம்!

"ரெண்டு கதவு நமக்குச் சரிப்படாதுன்னு அப்பவே தெரியும்" என்றார்.

"ஆமா. நல்லாப் பாருங்க. நிதானமாப் பாருங்க" என்றாள் கல்யாணசுந்தரி. "பொண்ணு காலேசுக்குப் போற வரைக்கும் பாருங்க. ஒண்ணும் கெட்டுப்போவல."

மறுநாள் காலை நாச்சியாரும் ஹாஜராவும் வாசலில் பஸ் ஏறினார்கள். மூக்கம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். அதே நேரத்தில் அண்ணாச்சி அருவிப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். அண்டா அடுப்பில் இருந்தபடியால், அதன் வாய் அகலத்துக்கு அளந்து வெட்டிய கயிறு ஒன்று கையில் இருந்தது. முன்னைக்கு இது சௌகரியம், தோள் வலிக்கவில்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். நீங்கள் அண்ணாச்சி மாதிரியா என்ன! உங்கள் வீட்டில் ஒருவருக்கு அவசரமாக வேண்டிய ஒன்றை, அது சிறந்ததாகக் கிடைக்கும்வரை பொறுக்கச் சொல்லி நீங்கள் நிறுத்தி வைத்ததே கிடையாது. சரி, போகட்டும். ஒரே ஒரு சந்தேகம்தான். தலைப்பைப் பார்த்துவிட்டு இங்கே வந்தீர்களே, முழுவதும் படித்துமுடித்த இந்த நிமிஷத்தில், "அதெல்லாம் இருக்கட்டும், கடைசியில் எந்தக் கார்தான் நல்லது என்று சொல்லாமலே விட்டுவிட்டானே!" என்று மனதின் ஒரு மூலையில் லேசாக ஓர் ஏமாற்றம் தட்டுகிறதா?

தட்டினால், கயிற்றை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். அண்ணாச்சிக்குத் துணை வேண்டியிருக்கிறது.